விக்சனரியின் போலிஷ் வினை அட்டவணைகள்: ஒரு மதிப்பீடு

போலிஷ் மொழிக்கு ஏழு வேற்றுமைகள் உண்டு என்று சொல்லியே கற்க வருபவரைப் பலரும் அச்சுறுத்துவார்கள். எட்டு வேற்றுமைகளோடு வளர்ந்த தமிழருக்கு அந்த எண்ணிக்கையில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. நேரமும் உழைப்பும் கூடுதலாகத் தேவைப்படும் இடம் வினைச்சொல். ஒவ்வொரு வினையும் இடம், எண், பால், காலம் ஆகியவற்றுக்கேற்ப விகுதி மாறுகிறது. அதோடு நிறைவுற்ற வினை (செயல் முடிவதைக் காட்டுவது), நிறைவுறாத வினை (செயல் நடந்துகொண்டிருப்பதையோ வழக்கமாக நடப்பதையோ காட்டுவது) என இரண்டு வடிவங்களாகப் பிரிந்தும் நிற்கிறது. இதைக் கற்பதற்காக நான் தொடர்ந்து பயன்படுத்திவரும் இலவசச் சேவை, இணையத்தில் உள்ள ஆங்கில விக்சனரியின் போலிஷ் வினைப் பக்கங்கள். விக்கிமீடியா அறக்கட்டளை நடத்தும் இந்த அகராதி 2002 டிசம்பரில் தொடங்கப்பட்டது. போலந்து நாட்டவர் தங்கள் மொழியிலேயே எழுதும் விக்சனரி 2004இல் வந்தது. இரண்டிலும் விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, பதிவு செய்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. பார்த்துத் தெளிவதற்கு இதைவிட நல்ல இலவசத் துணை எனக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் போலிஷ் பேசிவிட முடியாது. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் எழுத்து பற்றி ஒரு சொல். போலிஷ் ஒலிகளைத் தமிழ் எழுத்தில் தோராயமாகவே காட்ட முடியும். கீழே வரும் சொற்களைப் படிப்பவர்கள் அந்தந்தப் பக்கத்தில் உள்ள ஒலிப்பதிவைக் கேட்டுக்கொள்ளுவது நல்லது. ஒலிப்பதிவு பெரும்பாலும் தலைச்சொல்லுக்கு மட்டுமே இருக்கிறது, திரிந்த வடிவங்களுக்கு இல்லை என்பதை ஒரு குறையாகவே குறித்துக்கொள்ளலாம்.

போலந்தில் கடைகள், அலுவலகங்கள், வங்கிகள் ஆகியவற்றின் கதவுகளில் ஒரு பக்கம் 'ப்ஹாச்' என்றும் மறுபக்கம் 'சோங்னோன்ச்' என்றும் எழுதியிருப்பதைக் காணலாம். தள்ளவும், இழுக்கவும் என்பது பொருள். இரண்டும் ஏவல் வடிவங்கள் அல்ல. அகராதியில் தலைச்சொல்லாக நிற்கும் அடிப்படை வடிவங்கள். போலிஷ் மொழியில் பொது அறிவிப்புகள் இப்படி அடிப்படை வடிவத்திலேயே கட்டளையிடுவது வழக்கம். 'சோங்னோன்ச்' என்று தேடினால் வரும் பக்கத்தில், திரிபு என்ற தலைப்பின் கீழ் மடித்து வைக்கப்பட்ட அட்டவணை ஒன்று இருக்கும். அதை விரித்து இறந்தகாலப் பகுதியைப் பாருங்கள். 'அவன் இழுத்தான்' என்பதற்கு 'சோங்னோவ்', 'அவள் இழுத்தாள்' என்பதற்கு 'சோங்னெவா'. ஆண்பால் ஒருமையில் மட்டும் 'ஓ' சாயலில் நிற்கும் மூக்கொலி எழுத்து, பெண்பாலிலும் பன்மையிலும் 'எ' சாயலுள்ள எழுத்தாகிவிடுகிறது. 'எடு' என்ற பொருளுடைய 'வ்ஜோன்ச்' வினையின் பக்கத்துக்குப் போனால் அதே மாற்றம் அதே கட்டங்களில் தெரிகிறது: வ்ஜோவ், வ்ஜெவா, வ்ஜெலி. இலக்கண நூல் ஒரு பத்தியில் விளக்குவதை, ஆண்பால் நிரலையும் பெண்பால் நிரலையும் அருகருகே வைத்து இந்த அட்டவணை கண்ணாலேயே கற்பித்துவிடுகிறது. இதன் முதல் சிறப்பு என்று இதைத்தான் சொல்வேன்.

நிகழ்காலப் பகுதியின் அமைப்பும் இப்படிப்பட்டதே. தன்மை மேல் வரிசையிலும், முன்னிலை அதற்குக் கீழும், படர்க்கை அதற்கும் கீழும் இருக்க, ஒருமை இடப்பக்கமும் பன்மை வலப்பக்கமும் நிற்கின்றன. 'முடியும்' என்ற பொருளுடைய 'முத்ஸ்' வினையை எடுத்துக்கொள்வோம். இடப்பக்க மேல் மூலையில் 'மோகெ' (என்னால் முடியும்), வலப்பக்கக் கீழ் மூலையில் 'மோகோன்' (அவர்களால் முடியும்). இடையிலுள்ள நான்கும் வேறு அடியிலிருந்து வருகின்றன: மோஜெஷ், மோஜெ, மோஜெமி, மோஜெச்சே. எதிரெதிர் மூலைகள் ஓர் அடியையும், மற்ற நான்கு கட்டங்கள் இன்னோர் அடியையும் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாடு மிகப் பல வினைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 'எடு' வினையின் நிறைவுறாத வடிவமான 'ப்ராச்' கூட 'பியோரெ', 'பியெஜெஷ்', 'பியோரோன்' என்றே போகிறது. எனவே தன்மை ஒருமையையும் முன்னிலை ஒருமையையும் சேர்த்து மனப்பாடம் செய்தால் ஆறு வடிவங்களும் கைக்கு வந்துவிடும். விதிவிலக்குகள் சிலவே என்றாலும் அவை அன்றாடம் நாவில் புழங்கும் வினைகள்: இருத்தலுக்கு 'யெஸ்தெம்' என்று தொடங்கிப் பன்மைப் படர்க்கையில் 'ஸோன்' என்று முடியும் 'பிச்', அறிதலுக்கு 'வியெம்', 'வியெத்ஸோன்', உண்ணுதலுக்கு 'யெம்', 'யெத்ஸோன்'. இவற்றை முழுமையாகவே படித்தாக வேண்டும், தவிர்க்க வழியில்லை.

வினைகளை எத்தனை வகையாகப் பிரிப்பது என்பதில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. தன்மை, முன்னிலை ஒருமை விகுதிகளைக் கொண்டு நான்காகப் பிரிப்பதே கற்பவருக்குப் போதும். போலிஷ் விக்சனரி பக்கங்களில் ரோமன் எண்ணால் குறிக்கப்படும் பகுப்பு இதைவிட நுணுக்கமானது. தொடக்கத்தில் அதை விட்டுவிடலாம்.

இந்தச் சேவையின் இன்னொரு பயன், எந்த வடிவத்தைத் தேடினாலும் அடிப்படை வினைக்கு இட்டுச் செல்வது. 'பொஷ்வாம்' என்று ஒரு பெண் சொல்லக் கேட்டால், அதன் வேர் 'புய்ஷ்ச்' என்று புதியவரால் ஊகிக்கவே முடியாது. இரண்டுக்கும் இடையில் முதல் எழுத்தைத் தவிர ஒற்றுமை குறைவு. அச்சு அகராதியில் தலைச்சொல் தெரியாமல் தேட முடியாது. இங்கே கேட்ட வடிவத்தையே தட்டச்சு செய்தால் அதற்கென ஒரு பக்கம் திறந்து, அது எந்த வினையின் எந்த இடம், எந்தப் பால் என்று சொல்லி, மூலப் பக்கத்துக்கு இணைப்பும் தருகிறது. போலிஷ் செய்திகளை வாசிக்கத் தொடங்கியவருக்கு இந்த ஒரு வசதியே போதும், அகராதியை நாள்தோறும் திறந்து வைத்திருக்க.

இனி என் முக்கியமான மனக்குறை. போலிஷ் வினையின் உயிர்நாடி நிறைவுற்ற வினைக்கும் நிறைவுறாத வினைக்கும் உள்ள வேறுபாடு. வாசித்தலுக்கு 'சித்தாச்' என்றும் 'ப்ஷெச்சித்தாச்' என்றும் இரண்டு வினைகள் உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் தலைச்சொல்லுக்கு அருகிலேயே அது எந்த வகை, அதன் இணை எது என்று குறிப்பிடுவது பாராட்டத்தக்கது. ஆனால் பொருள் சொல்லும்போது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். அதை மட்டும் படிப்பவர் இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணி, வாய்க்கு எளிதானதைத் தேர்ந்துகொள்வார். இது ஆங்கிலத்தின் வழியாகக் கற்பதால் வரும் இடர். தமிழர் ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழிலேயே யோசித்தால் பாதை சட்டென்று தெளிகிறது. 'சித்தாவெம்' என்பது 'படித்தேன்', 'படித்துக்கொண்டிருந்தேன்'. 'ப்ஷெச்சித்தாவெம்' என்பது 'படித்துவிட்டேன்', 'படித்து முடித்தேன்'. நம் 'விடு' என்ற துணைவினை செய்யும் வேலையின் பெரும்பகுதியை அங்கே முன்னொட்டு செய்கிறது.

இந்த ஒப்புமை இன்னும் ஆழமாகப் போகிறது. நிறைவுற்ற வினையின் அட்டவணையில் நிகழ்காலம் என்ற பகுதியே இருக்காது. நிகழ்கால விகுதிகளை அப்படியே ஏற்று நிற்கும் 'ப்ஷெச்சித்தாம்' என்ற வடிவம் எதிர்காலம் என்ற தலைப்பின் கீழ் இருக்கும். ஐரோப்பிய மொழிகள் வழியாக வருபவர்கள் இதில் வெகுநேரம் திகைத்து நிற்பார்கள். 'நாளைக்குள் படித்துவிடுகிறேன்' என்று நாம் சொல்வதில்லையா? வடிவம் நிகழ்காலம், பொருள் எதிர்காலம். அதே உணர்வோடு 'ப்ஷெச்சித்தாம்' என்பதைக் கேட்டால் விளக்கமே தேவையில்லை. இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகும் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம்: 'தினமும் எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுவான்' என்ற வழக்கத்தைச் சொல்லப் போலிஷில் பொதுவாக நிறைவுறாத வினையே வரும். எச்சங்களிலும் உறவு தெரிகிறது. அட்டவணையின் அடியில் உள்ள 'சித்தாயோன்த்ஸ்' என்பது 'படித்துக்கொண்டே', 'ப்ஷெச்சித்தாவ்ஷி' என்பது 'படித்துவிட்டு'. பின்னது எழுத்து வழக்கில் மட்டுமே வாழ்கிறது.

ஏவலில் இந்தக் குறை இன்னும் உறுத்துகிறது. 'ரொட்டி வாங்கு' என்று சொல்ல நிறைவுற்ற வினையிலிருந்து 'குப்' என்ற வடிவம் வரும். 'வாங்காதே' என்று தடுக்க நிறைவுறாத வினைக்குத் தாவி 'நியெ குபுய்' என்று சொல்வதே இயல்பு. 'குப்' ஒரு பக்கத்தில் இருக்கிறது, 'குபுய்' இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இந்த வழக்கத்தை எந்த அட்டவணையும் சொல்வதில்லை. ஆசிரியரோ இலக்கண நூலோ சொல்லித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இறந்தகாலத்தின் பால் வேறுபாட்டை அட்டவணை சிறப்பாகக் காட்டுகிறது. தமிழில் 'படித்தேன்' என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. போலிஷில் ஆண் 'சித்தாவெம்' என்றும் பெண் 'சித்தாவாம்' என்றும் சொல்ல வேண்டும். பன்மையில் பகுப்பு வேறு விதம். ஆண் ஒருவராவது இருக்கும் மக்கட் கூட்டத்துக்கு 'சித்தாலி'. பெண்கள் மட்டும் உள்ள கூட்டம், குழந்தைகள், விலங்குகள், பொருள்கள் அனைத்துக்கும் 'சித்தாவி' என்ற விகுதி முறை. உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பழகிய நமக்குப் பிரிவு என்ற கருத்து புதிதல்ல, கோடு விழும் இடம்தான் புதிது. அட்டவணை இந்த இரண்டையும் தனித்தனி நிரல்களாகத் தருவதால் குழப்பம் குறைகிறது. ஆனால் முழுமைக்காகத் தன்மையிலும் முன்னிலையிலும் அலிப்பால் (ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாம் இலக்கணப் பால்) வடிவங்களைத் தந்து, தன்மை, முன்னிலை விகுதி வினையை விட்டு வேறு சொல்லோடு ஒட்டும் மாற்று வடிவங்களையும் ஒவ்வொரு கட்டத்திலும் சேர்த்திருக்கிறார்கள். ஆய்வாளருக்கு இது செல்வம், தொடக்கநிலையினருக்குச் சுமை. கைபேசியில் திறந்தால் அகலமான அட்டவணையைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கணினியில் பார்த்து, தேவையான கட்டங்களைக் குறிப்பேட்டில் கையால் எழுதிக்கொள்ளுவதே நல்லது என்பது என் கருத்து.

எந்த வினைகளில் தொடங்குவது என்ற கேள்விக்கும் இங்கே ஓரளவு விடை உண்டு. பல சொற்களின் பக்கத்தில், 1990இல் வெளியான போலிஷ் சொற்பயன்பாட்டு அகராதி ஒன்றை ஆதாரமாகக் கொண்டு, அந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்ற குறிப்பு இருக்கிறது. அறிவியல் நூல்கள், செய்திகள், கட்டுரைகள், புனைகதைகள், நாடகங்கள் என ஐந்து வகையில் தொகுத்த 5,00,000 சொற்களே அதன் அடித்தளம். பயனுள்ள குறிப்புதான், எனினும் அந்த உரைகள் 1960களைச் சேர்ந்தவை. இன்றைய ரொட்டிக்கடையில் ஒரு புதியவர் முதலில் சொல்லப்போகும் வினை 'போப்ரோஷெ', அதாவது நாம் மரியாதையோடு ஒன்றைக் கேட்கும்போது வரும் 'கொடுங்கள்' போன்ற சொல். கடைக்காரர் சற்று வெளியே போயிருந்தால் கதவில் தொங்கும் அட்டையில் இருப்பது 'ஸராஸ் வ்ராத்ஸாம்', 'இதோ வந்துவிடுகிறேன்' என்பது. எண்ணிக்கைப் பட்டியலைப் பார்ப்பதோடு, கண்ணில் படும் இத்தகைய வினைகளையும் எழுதி வைத்துத் தேடுவது பலன் தரும். போதலுக்கான நான்கு வினைகளை (நடந்து போக 'இஷ்ச்', 'ஹோஜிச்', ஊர்தியில் போக 'யெஹாச்', 'யெஷ்ஜிச்') எப்படியும் முதல் மாதங்களிலேயே படிக்க வேண்டும். ஒவ்வொரு இணையிலும் முன்னது இப்போது ஒரு திசை நோக்கிப் போவதற்கும், பின்னது வழக்கமாகப் போய்வருவதற்கும் உரியது. தலைச்சொல்லின் அருகில் உள்ள குறிப்பு இந்தப் பிரிவையும் தெரிவிக்கிறது.

தமிழர் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று மரியாதைப் பன்மை. அட்டவணையில் முன்னிலைப் பன்மையைக் கண்டதும் 'நீங்கள்' என்று எண்ணி, முதியவர் ஒருவரிடம் அதைப் பயன்படுத்தத் தோன்றும். போலந்தின் இன்றைய பொது வழக்கில் அது பொருந்தாது. தனி ஒருவரை முன்னிலைப் பன்மையில் அழைப்பது கிராமப் பேச்சையோ, பழைய கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்களின் நடையையோ நினைவூட்டும். அறிமுகமில்லாத ஆணை 'பான்' என்றும் பெண்ணை 'பானி' என்றும் சொல்லி, வினையைப் படர்க்கை ஒருமையில் வைக்க வேண்டும். 'ஐயா ஆங்கிலம் பேசுவாரா?' என்று நேரில் நிற்பவரிடமே கேட்பது போன்ற அமைப்பு. இருபாலரும் சேர்ந்த குழுவுக்கு 'பாய்ன்ஸ்த்வோ' என்ற சொல்லோடு படர்க்கைப் பன்மை வரும். அட்டவணையின் எந்த வரிசையிலும் 'பான்', 'பானி' இல்லை. பார்ப்பவர் தாமே படர்க்கை வரிசையின் ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பயிற்சி வினாக்கள், நினைவூட்டல்கள், தரப்படுத்திய பாடங்கள் எதுவும் இங்கே கிடையாது. எடுத்துக்காட்டு வாக்கியங்கள் சில வினைகளுக்கு நிறைய, சிலவற்றுக்கு ஒன்றும் இல்லை. உள்ளடக்கம் கட்டற்ற உரிமத்தில் இருப்பதால் அட்டவணைகளை நகலெடுத்து நினைவு அட்டைகள் செய்துகொள்ளத் தடையில்லை. வகுப்பில் படிப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யலாம். வாரம் ஒரு முறையாவது ஆசிரியரிடம் பேசிப் பழகுபவருக்கு இந்தச் சேவையை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். ஆசிரியரே இல்லாமல் தொடங்குபவர் முதலில் ஒரு பாடநூலை வாங்கிக்கொண்டு, அதில் வரும் வினைகளை இங்கே சரிபார்க்கட்டும். நடுத்தர நிலையை எட்டியவர்கள் ஆங்கிலப் பக்கங்களை விட்டுப் போலிஷ் விக்சனரிக்கே மாறிவிடுவது நல்லது. அங்கே விளக்கமும் போலிஷிலேயே இருப்பதால், சித்தாச்சுக்கும் ப்ஷெச்சித்தாச்சுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைக் கண்டு மயங்கும் நிலை வராது.