1200 எம்பிபிஎஸ் ரவுட்டர்: மூன்று மாதம் ஓட்டிப் பார்த்ததில்

அட்டைப்பெட்டியில் 1200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 1200 மெகாபிட் வேகம்) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த டூயல் பேண்ட், அதாவது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் ஓடும், வைஃபை ரவுட்டர் ஒன்றை 2,300 ரூபாய்க்கு வாங்கி மூன்று மாதம் ஆகிறது. நல்ல ரவுட்டர்தான், இதுவரை ஒரு தடவைகூட ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டி வரவில்லை. ஆனால் அந்த 1200ஐப் பார்த்து வாங்காதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி மேலே தள்ளிப் போட்ட எண் அது. உங்கள் போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு பேண்டில்தான் இருக்கும். அந்த 867லும் ஒருத்தர் அனுப்பும்போது மற்றவர் காத்திருக்கும் நேரமெல்லாம் கழிந்துவிடும். ஹாலில் ரவுட்டர் பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்து, கேபிளில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து பெரிய ஃபைல் ஒன்றை இழுத்தபோது 520 வந்தது, எனக்கு அது திருப்தி.

படுக்கையறையில்தான் பிரச்சினை. இரவு 9 மணிக்கு 2.4இல் வெறும் 11 எம்பிபிஎஸ். "பவர் ஜாஸ்தியா இருக்கிற மாடல் போடுங்க சார்" என்றார் கடைக்காரர். இந்த இடத்தில்தான் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1948இல், பெல் தொலைபேசி ஆய்வகத்தில் இருந்தபோது, எழுதி வைத்த கணக்கு நமக்கு உதவுகிறது. ஒரு சேனலில் (அலைவரிசையில் நாம் பயன்படுத்தும் ஒரு துண்டு) பிழையில்லாமல் அனுப்பக்கூடிய வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, சேனலின் அகலமும் சிக்னல் இரைச்சலைப் போல எத்தனை மடங்கு என்பதும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. 20 மெகாஹெர்ட்ஸ் சேனல், சிக்னல் 1000 மடங்கு என்று வையுங்கள், ஒரு ஸ்ட்ரீமுக்கு (ஒரே நேரத்தில் போகும் தரவு ஓட்டங்களில் ஒன்று) வரம்பு சுமார் 199 எம்பிபிஎஸ். பவரை இரண்டு மடங்காக்கினால் 219, அவ்வளவுதான். பவரை ஏற்றாமல் அகலத்தை இரண்டு மடங்காக்கினால், இரைச்சலும் கூடவே இரண்டு மடங்கு நுழைந்தும், 359 கிடைக்கிறது. சிக்னல் ரொம்பப் பலவீனமான மூலையில் பவர் உதவும், சரி, ஆனால் போன் திருப்பி அனுப்பும் பவர் அதே சின்ன பவர்தானே.

அப்போ 2.4இல் 40 மெகாஹெர்ட்ஸ் வைத்துவிடலாமே என்று வைத்துப் பார்த்தேன், இன்னும் மோசமானது. எங்கள் அடுக்குமாடியில் ஸ்கேன் செய்தால் 23 வைஃபை பெயர்கள் வருகின்றன, ஒன்றோடொன்று உரசாத சேனல்களோ 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அகலமாக விரித்தால் அத்தனை வீட்டுப் பேச்சுக்கும் நடுவில் போய் நிற்க வேண்டியதுதான். திரும்ப 20க்கு இறக்கி 11ஆம் சேனலில் போட்டேன்.

அப்புறம்தான் ரவுட்டர் இருந்த இடத்தைக் கவனித்தேன். அது இருந்த டிவி ஸ்டாண்டுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் அம்மாவின் இரும்பு பீரோ. ரவுட்டரை எடுத்து எதிர்ச்சுவரில், ஆள் உயரத்துக்கு மேல் ஆணியடித்து மாட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தால் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மைனஸ் 74இலிருந்து மைனஸ் 60 (பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம்), அதாவது 14 டெசிபல், 25 மடங்கு. எந்தப் பவர் மாடலும் இதைத் தந்திருக்காது. இப்போது அங்கே இரவிலும் 140 வருகிறது.

இரண்டு அறை வீடு, ஏழெட்டு போன், டிவி என்றால் தாராளமாக வாங்கலாம், வாங்குமுன் பின்பக்க போர்ட் (கேபிள் சொருகும் இடம்) கிகாபிட்டா, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸா என்று மட்டும் பாருங்கள், 100 எம்பிபிஎஸ் போர்ட் என்றால் உங்கள் பிளான் எவ்வளவு இருந்தாலும் 94, 95க்கு மேல் ஏறாது. மாடி அறைக்கு ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி) வைக்க நினைப்பவர்கள் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசியுங்கள், ஒரே சேனலில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். நான் அந்தக் காசுக்கு 20 மீட்டர் லேன் கேபிள் வாங்கி ஜன்னல் வழியாக மேலே இழுத்துவிட்டேன்.