ஹந்தானை தேயிலை அருங்காட்சியகம்: மெஷினைப் பார்த்தது போதும், ஸ்டோரைப் பாருங்கள்

கண்டிக்கு வருகிறவர்கள் தலதா மாளிகை, வாவி, பேராதனைப் பூங்கா எல்லாம் முடித்து, நேரம் மிஞ்சினால்தான் ஹந்தானைக்கு ஏறுகிறார்கள். பழைய மெஷின் இருக்கிறது, மேலே நல்ல தேத்தண்ணீர் கிடைக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நான் புசல்லாவைப் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் பாஸ். எனக்கு அங்கே பார்க்க வேண்டிய முதல் பொருளாகத் தெரிந்தது அந்தக் கட்டடம்தான்.

1925இல் எழுப்பிய நாலு மாடி ஸ்டோர் அது. தேயிலைத் தொழிற்சாலையைத்தான் தோட்டத்தில் ஸ்டோர் என்போம். வேலை நின்று பத்து வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்தது. தேயிலைச் சபையும், 1854இல் கண்டியில் தொடங்கிய தோட்டத் துரைமார் சங்கமும் சேர்ந்து சீராக்கி, 2001இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

உள்ளே நுழையுமுன் வெளியில் நின்று ஜன்னல்களைப் பாருங்கள். மாடிக்கு மாடி வரிசை வரிசையாக ஜன்னல். வெளிச்சத்துக்கு இத்தனை தேவையில்லை, காற்றுக்காக வைத்தவை. பச்சைக் கொழுந்து நூறு கிலோ என்றால் அதில் முக்கால்வாசி தண்ணீர். அதை வாட்டாமல் ரோதையில், அதாவது கொழுந்தை உருட்டி அரைக்கும் மெஷினில், போட முடியாது. அந்தக் காலத்து ஸ்டோர்களில் மேல்மாடிகளில் சாக்குத் துணித் தட்டுகளைக் கட்டி, கொழுந்தை மெல்லிசாகப் பரப்பிவிடுவார்கள். மழை நாளில் வெளிக்காற்று உதவாது. கீழே டிரையர் சூட்டை விசிறி வைத்து மேலே இழுப்பார்கள். வாடிய கொழுந்து கீழே ரோதை அறைக்கு இறங்கும். ஏற்றுவது ஒரு தரம்தான், பிறகு அதுவாகவே இறங்கி வரும்.

பாஸ் கண்ணுக்கு இதில் ஒரு சூட்சுமம் தெரிகிறது. அதிர்கிற, பாரமான மெஷின் எல்லாம் தரையோடு. மேலே பரப்புகிற கொழுந்துக்குப் பாரமே இல்லை. அதனால் மெல்லிய இரும்புத் தூணும் தகரமும் போதும். இன்றைக்கு என்னிடம் நாலு மாடி கேட்டால் கொங்கிரீட்டைக் கொட்டித் தள்ளிவிடுவேன்.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் தோட்டத்து ஸ்டோரில் வாட்டுகிற மாடியில் ராவேலை பார்த்தவர். விளக்கம் சொல்ல வந்த பிள்ளையை விட்டுவிட்டு அவர் நேரே ஜன்னலுக்குப் போனார்.

"இந்தா பாரு தம்பி, சாரல் அடிக்கிற பக்கத்தச் சாத்திட்டு எதிர்ப்பக்கம் தொறப்போம். டீமேக்கர் ஐயா ஒரு பிடி அள்ளி மூந்து பாத்து சரின்னாத்தான் எறக்குவோம்."

"பிந்திப்போனா என்னாப்பா ஆகும்?"

"என்னா ஆகும்? பேச்சு வாங்குவோம்."

ரோதை முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். மெஷினைக் காக்கும் சாமியான ரோதைமுனிக்குப் பூசை போட்டவர், அவரை யார் தடுப்பது?

ஜேம்ஸ் டெய்லர் பற்றிய பகுதி பிள்ளைகளுக்குப் பிரயோசனம். இலங்கையில் வியாபாரத்துக்கென்று தேயிலை போட்ட முதல் ஆள் அவர். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட கதை அங்கே கிடைக்கும். கடைகள் இருக்கிற மாடியை நாங்கள் வேகமாகக் கடந்துவிட்டோம். ஒரு குறை: கொழுந்து எந்த மாடியிலிருந்து எங்கே இறங்கியது என்று கட்டடத்தை நெடுக வெட்டிக் காட்டும் படம் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அது இருந்தால் அப்பா மாதிரி ஒருவர் கூட வராதவர்களுக்கும் ஸ்டோர் விளங்கும்.

இன்னொன்றும் மனதில் ஓடியது. கொழுந்துக்கு எந்தப் பக்கக் காற்று வேண்டுமென்று இவ்வளவு யோசித்துக் கட்டிய அதே காலத்தில், அதைப் பறித்த ஆட்களுக்குக் கொடுத்தது லயத்தில், அதாவது வரிசை வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, ஒரே அறை. பல லயங்களில் பின்சுவரில் ஒரு ஓட்டைகூட இல்லை. கம்பளைப் பக்கம் பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். முடிந்தால் இரண்டையும் பாருங்கள், ஸ்டோரை முதலில்.

போகிறவர்களுக்கு: டவுனிலிருந்து நாலு கிலோமீற்றர் அளவு, ஏற்றம். ஆட்டோவில் போவது நல்லது. முழங்கால் வலி உள்ளவர்கள் மாடிக்கு மாடி நின்று ஏறுங்கள். பின்னேரம் மூடுபனி இறங்குமுன் போனால் மேல்மாடியிலிருந்து கண்டி டவுனும் சுற்றுமலைகளும் தெளிவாகத் தெரியும். தேத்தண்ணீர் நல்ல சாயம். அப்பா மட்டும் சீனி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.