வரி ஜீரோ, லாபம் யாருக்கு? ‘ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின் ஃபெசிலிடேட்டர்’ தளம் பற்றி ஒரு திருப்பூர்க்காரர்

திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனிகளுக்கு ஏற்றுமதி டாக்குமென்ட் போட்டுக் கொடுப்பது என் தொழில். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், அப்புறம் சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்று காட்டும், சி.ஓ.ஓ. என்று நாங்கள் சொல்லும் பிறப்பிடச் சான்றிதழ். 2022 மே 1-இல் அமீரகத்துடனும் அதே ஆண்டு டிசம்பர் 29-இல் ஆஸ்திரேலியாவுடனும் இந்தியா போட்ட வரிச்சலுகை வர்த்தக ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. அன்றிலிருந்து முதலாளிகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “வரி ஜீரோ ஆயிருச்சாமே, நம்ம சரக்குக்கு உண்டுங்களா?”

இதற்குப் பதில் சொல்ல நான் தினமும் திறக்கும் தளம்தான் ‘ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின் ஃபெசிலிடேட்டர்’. ஒரு சரக்கை எந்த நாட்டுச் சரக்காகக் கணக்கில் எடுப்பது என்று சொல்லும் பிறப்பிட விதிகளை இதில் தேடிப் பார்க்கலாம். ஜெனீவாவில் இருக்கும் ஐ.டி.சி., அதாவது சர்வதேச வர்த்தக மையம், உலக வர்த்தக அமைப்புடனும் உலக சுங்க அமைப்புடனும் சேர்ந்து நடத்துகிறது. வளரும் நாடுகளின் சிறு நிறுவனங்களை மனதில் வைத்துச் செய்தது. காசு கிடையாது. இங்கே ஒரு ஆலோசகர் இதே தகவலை அச்செடுத்து, கோப்பில் போட்டு, நல்ல தொகைக்கு விற்றுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த எரிச்சலும் இதை எழுத ஒரு காரணம்.

பயன்படுத்துவது சுலபம். எந்த நாட்டிலிருந்து, எந்த நாட்டுக்கு, என்ன பொருள் என்று மூன்றும் கொடுத்தால் போதும். சாதாரண வரி எவ்வளவு, எந்த ஒப்பந்தத்தில் எவ்வளவு குறையும், அதற்கு என்ன நிபந்தனை என்று வந்து நிற்கும். பருத்தி டி-ஷர்ட்டுக்கு 6109.10 என்ற எச்.எஸ். கோடை, அதாவது சுங்கத்தில் பொருளை அடையாளம் காட்டும் எண்ணை, போட்டு ஆஸ்திரேலியாவைத் தேர்ந்தெடுத்தால் 5% வரி ஒரு பக்கம், பூஜ்ஜியம் மறுபக்கம். பொருளின் பெயரை வைத்துத் தேடுவது மட்டும் வேண்டாம். நைட்டி, லெக்கிங்ஸ் என்றெல்லாம் அடித்தால் அது எங்கெங்கோ கூட்டிப் போகும். எச்.எஸ். கோடைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவதே நல்லது.

இந்தத் தளத்தின் உண்மையான பலம் நிபந்தனைப் பகுதியில்தான் இருக்கிறது. சி.சி. போலச் சுருக்கெழுத்தாக வரும் விதிகளுக்கு அங்கேயே விளக்கம் உண்டு. சி.சி. என்றால் மூலப்பொருளின் அத்தியாயமும் (எச்.எஸ். கோடின் முதல் இரண்டு இலக்கம்) முடிந்த பொருளின் அத்தியாயமும் வேறாக இருக்க வேண்டும். பின்னல் துணி 60-ஆம் அத்தியாயம், அதைத் தைத்த டி-ஷர்ட் 61. ஆகவே சீனாவிலிருந்து பாலியஸ்டர் துணி வாங்கி இங்கே வெட்டித் தைத்தாலும் அந்த விதியில் தேறிவிடும். ஆனால் நூலிலிருந்தே இங்கே பின்னியிருக்க வேண்டும் என்று விதி சொன்னால் அதே சட்டை தேறாது. இப்போது ஸ்போர்ட்ஸ்வேர் ஆர்டர் பிடிக்கும் கம்பெனிகளில் பாதிப் பேருக்கு இந்த இடத்தில்தான் தலைவலி. துணிக்கு ஆர்டர் போடும் முன் பார்க்க வேண்டிய விஷயம் இது. சரக்கு கன்டெய்னரில் ஏறிய பிறகு என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய?

சும்மா ஒரு நாள், ஏற்றுமதி செய்யும் நாட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சாதாரண வரி 12%. ஏழை நாடுகள் பட்டியலில் இருப்பதால் வங்கதேசத்துக்குப் பூஜ்ஜியம். அதுவும் 2011 முதல், வெளியிலிருந்து வாங்கிய துணியைத் தைத்தாலே போதும் என்ற தளர்வான விதியோடு. இலங்கைக்கும் 2017 மே மாதம் திரும்பக் கிடைத்த ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற ஐரோப்பிய வரிச்சலுகைத் திட்டம் மூலம் பூஜ்ஜியம்தான், ஆனால் துணியைப் பின்னுவதும் தைப்பதும் இரண்டும் உள்நாட்டில் நடக்க வேண்டும். அப்படியானால் இலங்கைக்காரர் இந்தியத் துணியை வாங்கவே முடியாதா என்றால், தெற்காசிய நாடுகளுக்குள் ஒருவர் துணியை இன்னொருவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் வசதி அதே விதிகளில் இருக்கிறது. நம் ஊர் நிட்டிங் யூனிட்காரர்கள் எத்தனை பேர் இதைச் சொல்லி கொழும்பில் வியாபாரம் கேட்டிருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வங்கதேசம் 2026 நவம்பரில் அந்த ஏழை நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேறுவதாகத் தேதி குறித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் அந்தச் சலுகைக்கு ஐரோப்பா மூன்று ஆண்டு அவகாசம் தருவதால், உடனே ஆர்டரெல்லாம் இங்கே கொட்டும் என்று யாரும் மெஷின் வாங்கிவிட வேண்டாம்.

இன்னொரு நல்ல பகுதி, சரக்கு போகும் வழியைப் பற்றிய விதி. தூத்துக்குடியிலிருந்து நம் கன்டெய்னர்கள் பல கொழும்பில் கப்பல் மாறித்தான் போகின்றன. வழியில் மாறினால் சலுகை போய்விடுமா என்று முதலாளிகள் பயப்படுவார்கள். பொதுவாக, அங்கே சரக்கு சுங்கக் கட்டுப்பாட்டிலேயே இருந்து, பிரித்து வேறு வேலை எதுவும் செய்யாமல் இருந்தால் போகாது. என்ன ஆதாரம் காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அந்தப் பிரிவை இந்தத் தளம் தனியாக எடுத்துக் காட்டுவதால் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் புரட்ட வேண்டியதில்லை.

குறைகளும் இருக்கின்றன. தமிழ் இல்லை, இந்தியும் இல்லை. செல்போனில் திறந்தால் அட்டவணை ஒரு பக்கமாக ஓடிவிடும், கம்ப்யூட்டரில்தான் பார்க்க வேண்டும். பழைய ஒப்பந்தங்கள் பழைய எச்.எஸ். பதிப்பில் எழுதப்பட்டவை. கோடு 2012, 2017, 2022 என்று மாறிக்கொண்டே வருவதால் சில பொருட்களுக்கு விதி எந்தப் பதிப்பின்படி என்று நாமே சரிபார்க்க வேண்டியிருக்கிறது. புது ஒப்பந்தம் என்றால் மத்திய அரசின் அறிவிக்கையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இதை மட்டும் நம்பிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்காதீர்கள். அப்புறம், இது விதியைச் சொல்லும், நிரூபணத்தைத் தராது. நூல் பில், துணி பில், ஜாப் ஒர்க் சலான் எல்லாம் ஒழுங்காக வைத்திருக்காத கம்பெனிக்கு எந்தத் தளமும் உதவாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதோடு அரசாங்கத்தின் வேலை ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு விதிகளோடு மல்லுக்கட்டுவது நம் பாடு.  

எந்த விளம்பரத்திலும் சொல்லாத ஒன்று: வரி மிச்சமாவது இறக்குமதியாளருக்கு. இங்கே ஆவணம் தயாரிக்கும் செலவும் அலைச்சலும் நமக்கு, மெல்போர்னில் 5% மிச்சம் அவருக்கு. அதனால் விலை பேசும்போது தளத்தில் வரி காட்டும் அந்தப் பக்கத்தை அப்படியே படமெடுத்து பயருக்கு, அதாவது சரக்கை வாங்கும் அந்த இறக்குமதியாளருக்கு, அனுப்பச் சொல்கிறேன்: “எங்கள் சான்றிதழால் உங்களுக்கு இவ்வளவு மிச்சம், எங்களுக்கு எவ்வளவு?” ஒரு பயர் பீஸுக்கு நான்கு சென்ட் ஏற்றிக் கொடுத்தார். இன்னொருவர் அந்த மெயிலுக்குப் பதிலே போடவில்லை. அடுத்த ஆர்டரைப் பழைய விலைக்கே அனுப்பி, கூடவே சி.ஓ.ஓ. மறக்க வேண்டாம் என்று நினைவூட்டியிருந்தார்.