"எல்லாம் பெண் மீன்தான், குட்டி போடாது" என்று சொல்லி விற்கும் கடைகளிடம் கவனம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் புதிதாக வீட்டில் மீன் தொட்டி வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிளாட்டி, மொல்லி, கப்பி, வாள்வால் ஆகிய நான்கும் முட்டை போடாமல் நேராகக் குட்டி போடுகிற மீன்கள். விலை குறைவு, பார்க்க அழகு, அவ்வளவு சீக்கிரம் சாகாது. அதனால் முதல் தொட்டிக்குக் கடைக்காரர்கள் இவற்றைத்தான் காட்டுவார்கள். "பெண் மீனாகப் பார்த்துப் பிடித்துத் தருகிறேன், பெருகாது" என்று யாராவது சொன்னால், பையை வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

என் அம்மா பல வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டத்து லயத்தைக் காலி செய்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகு, முழங்கால் வலியால் அவருக்கு நாள் முழுக்க வீடுதான். கண்ணுக்கு எதிரே ஏதாவது நடமாடட்டும் என்று இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கப் போனோம். கடையில் அம்மா தெளிவாகவே கேட்டார். "தம்பி, குட்டி போட்டுப் பெருகுற மீனு வேண்டாம்பா. குனிஞ்சு நிமிந்து தண்ணி மாத்த என்னால முடியாது." கடைக்காரர் சிரித்துக்கொண்டே வலையைப் போட்டார். "அம்மா, நான் குடுக்குறது பூராவும் பொம்பள மீனு. ஆம்பளயே இல்லாம குட்டி எங்கேருந்துமா வரும்? அப்படியே வந்தாலும் என்கிட்ட கொண்டாங்க, ஒண்ணு அம்பது காசு போட்டு நானே எடுத்துக்கிறேன்." ஆறு பிளாட்டி, நான்கு கருப்பு மொல்லி. பிளாட்டிகளின் வால் அடியில் ஒரு பெரிய கரும்புள்ளி, அதன் மேல் இரண்டு சின்னப் புள்ளி. மிக்கி மவுஸ் பிளாட்டி என்று சொல்வார்கள், அந்த வகை. ரசீது கேட்டேன். புத்தகம் தீர்ந்துவிட்டது என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. பத்துமே பெண் மீன்கள்தான். ஆனால் அவை கடையில் ஆண்களோடு ஒரே தொட்டியில் கிடந்தவை. இந்த வகைப் பெண் மீன் ஒரு தடவை ஆணோடு சேர்ந்துவிட்டால், அந்த விந்தை உடம்புக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்திருக்கும். ஆண் பக்கத்தில் இல்லாமலே, ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை அடுத்தடுத்துக் குட்டி போடும். நன்றாகத் தின்று வளர்ந்த பிளாட்டி ஒரு ஈற்றில் 20 முதல் 40 வரை போடுவது சாதாரணம். மொல்லி அதற்கும் மேல் போகும். மீன் கடை வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. கல்லாவில் உட்கார்ந்த முதல் மாதமே தெரிந்துவிடும். தெரிந்துகொண்டே ஒரு வயதானவரிடம் சொன்னாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதல் ஈற்று விடியற்காலையில் நடந்திருக்கிறது. அம்மா கூப்பிட்டுக் காட்டினார். கைப்பேசி விளக்கைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால், அடியில் கிடந்த சரளைக் கற்களுக்கு நடுவே இரண்டு கண்ணும் ஒரு நூலளவு உடம்புமாக ஏகப்பட்டது. அம்மாவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், கவலை ஒரு பக்கம்.

கடைக்குப் போய்ச் சொன்னோம். அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். குட்டி பெருகுகிறது என்று புகார் சொல்லப் போனவர்களிடம் குஞ்சுப் பெட்டி விற்றார். தொட்டிக்குள் மாட்டுகிற பிளாஸ்டிக் பெட்டி, தாய் மீனை உள்ளே விட்டால் குட்டிகள் கீழ்த்தட்டுக்கு விழுந்து தப்பித்துக்கொள்ளும். குட்டி வேண்டும் என்பவர்களுக்கான சாமான் அது! இந்த மீன்களுக்குத் தான் போட்ட குட்டியைத் தானே தின்கிற பழக்கம் உண்டு. செடி, பாசி, ஒளிய இடம் அதிகம் இல்லாத தொட்டியில் பாதிக்கு மேல் அப்படியே போய்விடும். பெட்டியை மாட்டியதால் அத்தனையும் பிழைத்தன.

அப்புறம் தண்ணீர் கெட ஆரம்பித்தது. கூட்டம் கூடினால் கழிவு கூடும், அம்மோனியா ஏறும், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதற்கு அவர் கொடுத்த மருந்து ஒரு லோஹான் குஞ்சு, 25 வெள்ளி (ரிங்கிட்). "சின்னதுங்கள மட்டும் சாப்பிடும், பெருசு பக்கம் போகாது" என்றார். லோஹான் 1990களில் நம் நாட்டிலேயே கலப்பினமாக உருவாக்கிய மீன். ஏறக்குறைய ஓரடி வரை வளரும், தன் இடத்தில் வேறு எதையும் இருக்க விடாது. மொல்லிகளின் வாலெல்லாம் கிழிந்து தொங்கியபோதுதான் அது என்ன ஜாதி என்று புரிந்தது. நல்லவேளை, பெரிய தொட்டி வைத்திருந்த பக்கத்து வீட்டுத் தம்பி அதை எடுத்துக்கொண்டார்.

கடைசியாக, வாங்கிக்கொள்கிறேன் என்ற பேச்சை நம்பி, வளர்ந்த குட்டிகளை வாளியில் கொண்டுபோனோம். "ஸ்டாக் நிறைய இருக்குமா, காசு தர முடியாது, சும்மா விட்டுட்டுப் போங்க" என்றார். அம்மா திரும்பிப் பார்த்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பேசினில் இதே மிக்கி மவுஸ் பிளாட்டிகள், மேலே அட்டையில் அரோவானா தீனி, பத்து இரண்டு வெள்ளி என்று எழுதியிருந்தது. அரோவானா என்கிற பெரிய மீனுக்கு உயிரோடு போடுகிற இரை. அம்மா ஒன்றும் பேசாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பின்னாலேயே கடைக்காரர் குரல்: "அப்போ லோங்காங்ல கொட்டிடுங்கம்மா, கொசுப்புழுவ தின்னும்!"

தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். நம் லோங்காங்கில், அதாவது வீட்டோரச் சாக்கடைக் கால்வாயில், ஓடும் தண்ணீர் கடைசியில் பேராக் ஆற்றில்தான் போய்ச் சேரும். இந்த மீன்கள் நம் ஊர் மீன்கள் அல்ல. பிளாட்டி மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் உள்ளது, கப்பி தென் அமெரிக்காவின் வடக்குப் பகுதியைச் சேர்ந்தது. ஈக்கான் பண்டாராயா என்கிறோமே, தொட்டிச் சுவரைச் சுரண்டித் தின்னும் மீன், அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து தொட்டி மீனாக வந்ததுதான். பெரிதானதும் கொண்டுபோய் ஆற்றில் விட்டார்கள். இன்று சிலாங்கூர் ஆறுகளில் தன்னார்வலர்கள் வலை போட்டு மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், முழுக்க ஆண் மீனாகக் கேளுங்கள். நிறமும் ஆணில்தான் கூடுதல், முக்கியமாக கப்பியிலும் வாள்வாலிலும். கடைக்காரர் சொல்லை எடுக்காமல் நீங்களே பாருங்கள். வயிற்றுக்குக் கீழே, வாலுக்கு முன்னால் ஒரு துடுப்பு இருக்கும். பெண்ணுக்கு அது முக்கோணமாக விரிந்திருக்கும், ஆணுக்கு ஒடுங்கி, கூராகப் பின்னோக்கிப் படுத்திருக்கும். மிகச் சின்ன மீனில் இந்த வித்தியாசம் தெரியாது, அதனால் "எல்லாம் ஆண்தான்" என்று சொல்லித் தரும் குட்டி மீனையும் வாங்காதீர்கள். பெண் மீனின் வயிறு பின்பக்கம் கறுத்து உப்பியிருந்தால் அது ஏற்கெனவே சினை. வீட்டில் பிறந்த குட்டிகளையும் இந்தத் துடுப்பு மாறத் தொடங்கியதுமே இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் அண்ணன் தங்கை என்றெல்லாம் அவை பார்க்காது.

ரசீது விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்பது குற்றம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். ஆனால் கையில் ஒரு தாள் இல்லையென்றால் எதை வைத்துப் பேசுவது? எழுதித் தர மறுக்கிற கடை என்றால், அவர் சொல்வதைக் கைப்பேசியில் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள்.

இப்போது ஆண்களை ஒரு தொட்டியிலும் பெண்களைத் தனியாகவும் வைத்திருக்கிறோம். பழைய பெண்கள் இன்னும் குட்டி போடுவதை நிறுத்தவில்லை, குஞ்சுப் பெட்டியைக் கழற்றிய பிறகு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆண் பிளாட்டிகள் நிறைய இருக்கின்றன. அக்கம்பக்கத்தில் நன்றாகப் பார்த்துக்கொள்பவர்கள் யாராவது இருந்தால், மூடியுள்ள டப்பாவோடு வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். பெண் மீன் மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்று அம்மா சொல்லிவிட்டார்.