கேமரன்மலையா செந்தூலா, எதை எங்க நடலாம்?

எங்க அக்கா கேமரன்மலையில, தானா ராத்தாவுல வீட்டுக்குப் பின்னால நாலு பாத்தி போட்டுருக்காங்க, நான் கேஎல்ல (கோலாலம்பூர்), செந்தூல் டெரஸ் வீட்டு முன்னாடி பாலிபேக்ல வளர்க்கிறேன். மூணு வருஷமா ஒரே பாக்கெட் விதையைப் பாதிப் பாதியா பிரிச்சுத்தான் ரெண்டு பேரும் போடறோம், அதனால எது எங்க வருதுன்னு ஓரளவுக்கு அடிச்சுச் சொல்லலாம்.

தக்காளியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன், எல்லாருக்கும் அதுமேலதான் ஆசை. தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல, ராத்திரி 16, 17 டிகிரிக்கு எறங்கிடும். இங்க விடியக்காலையில கூட 24 டிகிரி வாக்குலதான் நிக்கும். ராத்திரி சூடு தணியலன்னா மகரந்தம் கெட்டுப்போய் பூ அத்தனையும் காம்போட கொட்டும், எவ்வளவு உரம் போட்டாலும் நிக்காது. செர்ரி தக்காளின்னா கொஞ்சம் தாங்கும். அதைவிட மோசம் வாடல் நோய். போன வருஷம் காய் புடிச்ச செடி, காலையில தண்ணி ஊத்தறப்ப நல்லாத்தான் நின்னுச்சு, மத்தியானம் பாத்தா தலை தொங்கிப்போச்சு, ஒரு இலைகூட மஞ்சளாகல. தண்டை வெட்டி கிளாஸ் தண்ணியில தொங்கவிட்டேன், கொஞ்ச நேரத்துல வெட்டின எடத்துலேர்ந்து வெள்ளையா நூல் மாதிரி பால் எறங்குச்சு. அது பாக்டீரியா வாடல், சூடான ஈர மண்ணுல சட்டுன்னு பரவும், வந்த செடியைக் காப்பாத்த மருந்து கெடையாது. இப்ப சுண்டைக்காய் செடி வேர்மேல தக்காளியை ஒட்டுக்கட்டித்தான் வைக்கிறேன், அந்த வேர் நல்லா தாக்குப்புடிக்குது.

மலைமேல மட்டும் சும்மா வந்துடுதான்னா, இல்ல. குளிரும் மழையும் சேர்ந்தா தக்காளி இலை கருகி ஒரு வாரத்துல பாத்தியே போயிடும், அங்க பாக்கற எடமெல்லாம் பிளாஸ்டிக் கூரை நிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். அக்காவும் கூரை போட்ட பிறகுதான் தக்காளி பறிச்சாங்க.

கோபிஸ், அதான் முட்டைக்கோஸ், அங்க கல்லு மாதிரி உருண்டு வரும், இங்க இலை விரிஞ்சே நிக்கும், சூடு தாங்கற ரகம் வாங்கினா சின்னதா ஒரு உருண்டை கட்டும். ஆனா பனி கொட்டற நாட்டுல குளிர்காலம் வந்தா பூச்சி அடங்கும், கேமரன்மலையில வருஷம் பூரா ஒரே மாதிரி லேசான குளிர்தான், கோபிஸ் இலையைத் தின்னற சின்னப் பச்சைப்புழு லீவே எடுக்காது. அக்கா தெனமும் காலையில இலையைத் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. "ஒரு நாள் விட்டேன்னா சல்லடையாக்கிடும்டா தம்பி"ன்னு சொல்வாங்க.

கேரட், சாலாட் (லெட்டூஸ் கீரை) ரெண்டும் மலைக்குத்தான். இங்க சாலாட் விதை சூட்டுல முளைக்கவே அடம்புடிக்கும், முளைச்சாலும் தண்டு நீண்டு கசந்துடும். கேரட் சுண்டுவிரல் தடிமன்தான்.

ஆனா வெண்டைக்காய், காங்கோங் கீரை, பயத்தங்காய் மூணுலயும் செந்தூல்தான் ஜெயிக்கும், இதைச் சொல்ல எனக்கு அவ்வளவு சந்தோஷம். காங்கோங் விதை போட்டு நாலே வாரத்துல அறுக்கலாம். அதே பாக்கெட் வெண்டை விதை அக்கா வீட்டுல ரெண்டு மாசமா முழங்கால் உயரத்துலயே நின்னுச்சு, என்னோடது அதுக்குள்ள காய்ச்சு, ஒரு நாள் பறிக்காம விட்டா முத்திப்போற அளவுக்கு வேகம். செந்தூல்ல எடம் கம்மியா இருக்கிறவங்க முதல்ல இந்த மூணையும் வைங்க, ஒட்டுத் தக்காளி ஒண்ணோ ரெண்டோ போதும், கேரட்டுக்கு மண்ணைச் செலவு பண்ணாதீங்க.

இந்தத் தடவை நாங்க பாக்கெட்டைப் பிரிக்கல. கேரட் விதை முழுசும் அக்காகிட்ட, வெண்டை விதை முழுசும் என்கிட்ட, தீபாவளிக்கு அவங்க எறங்கி வர்றப்ப மாத்திக்குவோம்.