வாரம் 2 மணி நேரமா, விடுமுறையில் 2 வாரமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கல்லூரிப் பாடத்தோடு சேர்ந்த சமூக சேவைக்கு இரண்டு வழி: செமஸ்டர் முழுக்க வாரம் 2 மணி நேரம், அல்லது குளிர்கால விடுமுறையில் ஒரேயடியாக 2 வாரம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போனால் வாரமுறைதான் சரி. பிள்ளைகள் முகம் பழகவே சில வாரம் பிடிக்கும். விடுமுறையிலோ பள்ளிக்கூடமே மூடியிருக்கும், யாருக்குச் சொல்லித்தருவது? ஆனால் 2005ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி, சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியில், அதாவது பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்கள் பட்டியலில், உங்கள் பெயர் இல்லை என்று உறுதியாக வேண்டும். அதை விசாரிக்கும் 30ஆம் எண் படிவத்தை செமஸ்டர் தொடங்கியபின் அனுப்பினால், பதில் வருவதற்குள் பாதி செமஸ்டர் போய்விடும். முந்தைய செமஸ்டரிலேயே அனுப்புங்கள்.

கோயில் அன்னதானச் சமையலுக்கு 2 வாரம்தான் தேவலை. சாமான் வாங்குவது, அண்டா கழுவுவது, கணக்கெழுதுவது எல்லாம் கைக்கு வரும். வாரம் 2 மணி நேரம் வருகிறவருக்கு வெங்காயம் உரிப்பதோடு சரி. வருகைத் தாளில் அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள்; கடைசி நாளில் பொறுப்பாளர் கிடைக்கமாட்டார்.