ஏஐஎஸ்-156, யுஎல், இஎன்: மின்ஸ்கூட்டர் சான்றுகளில் எது எவ்வளவு தூரம் காக்கும்?

ஷோரூமில் ‘இந்த வண்டிக்கு சேஃப்டி சர்டிபிகேட் இருக்கா?’ என்று கேட்டால், ‘எல்லாம் இருக்கு சார், கவர்மென்ட் அப்ரூவ்டு’ என்று பதில் வரும். பெரும்பாலும் அது பொய்யுமில்லை. ஆனால் ஒரே கடைவீதியில் நிற்கும் மூன்று வண்டிகளுக்கு மூன்று விதமான சான்று இருக்கலாம். நம்பர் பிளேட்டோடு வரும் ஸ்கூட்டருக்கு, பேட்டரிப் பாதுகாப்புக்கான இந்தியத் தரநிலையான ஏஐஎஸ்-156. லைசென்ஸ் வேண்டாத லோ ஸ்பீடு வண்டிக்கு ஒரு விலக்குச் சான்று. வெளிநாட்டிலிருந்து வரும் மின்சைக்கிளில் ஐரோப்பாவின் இஎன் 15194 அல்லது அமெரிக்காவின் யுஎல் முத்திரை. இரண்டு கேள்விகளை வைத்து இவற்றை ஒப்பிடுகிறேன். தீப்பிடிப்பதை மனதில் வைத்துச் சோதித்தார்களா? சான்று கொடுத்த பிறகு தொழிற்சாலையை யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா?

தீயை முன்னால் வைக்கக் காரணம் உண்டு. 2022 மார்ச் கடைசியில் வேலூரில், வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த புது ஸ்கூட்டர் தீப்பற்றியது. புகையில் மூச்சுத்திணறி அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அதே நாட்களில் புனேயில் சாலையோரம் நின்ற ஒரு ஸ்கூட்டர் புகைந்து எரிந்த காட்சி நாடெங்கும் சுற்றியது. அடுத்தடுத்து வேறு ஊர்களிலும் நடந்தது. அதன் பிறகுதான் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நிபுணர் குழு அமைத்து, ஏஐஎஸ்-156 தரநிலையைக் கடுமையாக்கியது. முதல் கட்டம் 2022 டிசம்பர் 1 முதலும், இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31 முதலும் நடைமுறைக்கு வந்தன. கடைக்காரர்கள் ‘அமெண்ட்மென்ட் 3’ என்று சொல்வது இந்தத் திருத்தத்தைத்தான்.

அதிர்வு, வெப்பம் மாறி மாறி ஏறி இறங்குவது, கழற்றக்கூடிய பேட்டரியைக் கான்கிரீட் தரையில் கீழே விடுவது, வெளியே ஷார்ட் சர்க்யூட் செய்வது, அளவுக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது, நேரடித் தீயில் காட்டுவது என்று ஏஐஎஸ்-156 சோதனைப் பட்டியல் நீளமானது. என் பார்வையில் இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, இரண்டாம் கட்டத்தில் வந்த வெப்பப் பரவல் சோதனை. பேட்டரி பேக்குக்குள் இருக்கும் பல சிறு மின்கலங்களில் (செல்) ஒன்றை வேண்டுமென்றே கட்டுமீறிச் சூடாக வைப்பார்கள். அந்த ஒரு செல் போனால் போகட்டும். அதன் சூடு பக்கத்துச் செல்களுக்குத் தாவிப் பேக் முழுவதும் தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடாது. வீட்டுக்குள் நடக்கும் சாவுகளுக்கு நேரடியாகப் பதில் சொல்லும் சோதனை இது. லட்சக்கணக்கில் தயாராகும் செல்களில் ஏதோ ஒன்று பழுதாகத்தான் வரும். அந்த ஒன்று வீட்டையே எரிக்காமல் தடுப்பதற்குச் செல்களுக்கு இடையே இடைவெளி வேண்டும், வாயு வெளியேற வழி வேண்டும், வெப்ப உணரிகள் சரியான இடத்தில் இருக்க வேண்டும். திருத்தம் இவற்றையும் கேட்கிறது. சார்ஜருக்கும் நிபந்தனை உண்டு: பேட்டரி நிறைந்ததும் தானாக நிற்க வேண்டும், ஒரேயடியாக மின்சாரத்தைத் திணிக்காமல் மெதுவாகத் தொடங்க வேண்டும். செல் எப்போது தயாரானது என்பதற்குத் தடயம் இருக்க வேண்டும்.

தண்ணீர்ச் சோதனையைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. விளம்பரங்களில், தூசும் தண்ணீரும் புகாத அளவைக் குறிக்கும் ஐபி67 என்பதைப் பெரிதாகப் போடுகிறார்கள். அதிலுள்ள 7 என்பதற்கு, 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் என்று பொருள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் தாழ்வான பகுதிகளில் வண்டிகள் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தன. சோதனை அதற்காக வகுக்கப்பட்டதல்ல. புது பேக்கின் ரப்பர் விளிம்பு தாங்குவதை, நான்கு கோடையைப் பார்த்த விளிம்பும் தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் ஐபி67 என்று எழுதியிருந்தாலும் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து சார்ஜ் போடாதீர்கள். சர்வீஸ் சென்டரில் பேக்கைச் சோதித்த பிறகே சார்ஜர் பக்கம் போக வேண்டும்.

இந்தச் சான்றைத் தருவது தனியார் கடையல்ல. புனேயின் ஏஆர்ஏஐ, மானேசரின் ஐகேட், நம் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் ஜிஏஆர்சி போல மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதி அங்கீகரித்த வாகனச் சோதனை அமைப்புகள்தான் தர முடியும். சான்று இல்லாமல் ஆர்டிஓ பதிவு இல்லை. இது பெரிய பலம். பலவீனமும் இதிலேயே இருக்கிறது. நிறுவனம் அனுப்பிய மாதிரி வண்டிதான் சோதிக்கப்படுகிறது. கடையில் வாங்கும் வண்டி அந்த மாதிரியை அப்படியே ஒத்திருக்கிறதா என்று பார்க்க உற்பத்தி இணக்கச் சோதனை என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அது எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு கண்டிப்பாக நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சான்றின் மதிப்பு. வாங்குபவர் கண்ணுக்கு அந்தச் சோதனையின் முடிவு எளிதில் எட்டுவதில்லை. இதைப் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

அடுத்தது லோ ஸ்பீடு வண்டி. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், இன்னும் சில நிபந்தனைகளும் பொருந்தினால் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனமே இல்லை. பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். பிள்ளையை டியூஷனுக்கு அனுப்ப, கோயிலுக்குப் போய்வர என்று பலரும் வாங்குகிறார்கள். அதற்கும் சோதனை அமைப்பின் சான்று உண்டு என்று கடையில் காட்டுவார்கள். கவனித்துப் படித்தால், அந்தச் சான்று உறுதி சொல்வது மோட்டாரின் சக்தி, வண்டியின் வேகம் போன்ற விலக்கு நிபந்தனைகளைத்தான். விலக்குக்குத் தகுதி இருக்கிறது என்பது வேறு. பேட்டரி தீப்பிடிக்காது என்பது வேறு. 25 கிலோமீட்டரில் மோதினால் அடி குறைவு, சரி. ஆனால் ஹாலில் சார்ஜ் ஏறும்போது வண்டியின் வேகத்துக்கு அங்கே என்ன வேலை? லோ ஸ்பீடு வண்டி வாங்குபவர், ‘பேட்டரி பேக்குக்கு ஏஐஎஸ்-156 அறிக்கை தனியாக இருக்கிறதா?’ என்று கேட்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் தாங்களாகவே அந்தச் சோதனையைச் செய்கிறார்கள். காகிதத்தைக் காட்ட முடியாதவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன். வேக வரம்பை எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த நிமிடமே வண்டி விலக்கை இழக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்சும் இல்லை, ஆர்சியும் இல்லை.

ஐரோப்பாவின் இஎன் 15194 மிதித்தால் மட்டும் உதவும் மின்சைக்கிளுக்கானது. சட்டகம், பிரேக், மின்னிணைப்பு எல்லாவற்றையும் தொடுகிறது, சைக்கிளாக அது நல்ல தரநிலை. ஆனால் அதோடு வரும், ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று சொல்லும் சிஇ குறியை இந்த வகை சைக்கிளுக்குத் தயாரிப்பாளரே ஒட்டிக்கொள்ளலாம். வெளியார் பரிசோதனை கட்டாயமில்லை. சிஇ ஸ்டிக்கரை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

யுஎல் வழி முற்றிலும் வேறு. அமெரிக்காவில் இது அரசின் சான்று அல்ல, தனியார் சோதனை நிறுவனங்களின் சான்று. 2015, 2016-இல் ஹோவர்போர்டுகள் எரிந்தபோது உருவான யுஎல் 2272 நின்று ஓட்டும் ஸ்கூட்டர் வகைகளுக்கு. யுஎல் 2849 மின்சைக்கிளுக்கு. யுஎல் 2271 பேட்டரிக்கு மட்டும். யுஎல் 2849-இன் சிறப்பு, பேட்டரி, அதைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு (பிஎம்எஸ்), மோட்டார், அதைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர், சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகச் சோதிப்பது. தனித்தனியாக நல்ல பேட்டரியும் நல்ல சார்ஜரும் சேர்ந்தால் மோசமான ஜோடியாகலாம் என்பதை இது கணக்கில் எடுக்கிறது. சான்று தந்த பிறகும் முன்னறிவிப்பின்றித் தொழிற்சாலைக்கு ஆளனுப்பிப் பார்க்கிறார்கள். தொழிற்சாலையைத் திரும்பிப் பார்ப்பதில் யுஎல் நம் முறையைவிட மேல் என்றே சொல்வேன்.

ஆனால் அதைச் சட்டம் கட்டாயமாக்காத வரை பயன் குறைவு. நியூயார்க்கில் உணவு விநியோகம் செய்யும் தொழிலாளர்கள் மலிவான சைக்கிள்களையும் ஒட்டுப்போட்ட பேட்டரிகளையும் வைத்துப் பிழைத்தார்கள். 2023-இல் மட்டும் அந்த நகரில் லித்தியம் பேட்டரித் தீ 268 முறை மூண்டு 18 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் முதல், யுஎல் சான்றில்லாத மின்சைக்கிளையும் ஸ்கூட்டரையும் பேட்டரியையும் விற்பதை நகரச் சட்டம் தடைசெய்தது. பழைய பேட்டரியிலிருந்து எடுத்த செல்களைக் கொண்டு புது பேக் கட்டி விற்பதையும் தனிச்சட்டம் தடுத்தது. 2024-இல் தீ 277 ஆனது, சாவு 6 ஆகக் குறைந்தது. ஏற்கெனவே வீடுகளுக்குள் இருந்த வண்டிகளைச் சட்டம் ஒரே ஆண்டில் வெளியேற்றிவிட முடியாது அல்லவா?

சிங்கப்பூர் இன்னும் முன்பே கண்டிப்பானது. 2020 ஜூலை முதல் யுஎல் 2272 இல்லாத மின்ஸ்கூட்டரைப் பொதுப் பாதையில் ஓட்டக்கூடாது. மின்சைக்கிளுக்கு இஎன் 15194 வேண்டும். சீனாவில் 2024 பிப்ரவரியில் நாஞ்சிங் குடியிருப்பில் மின்சைக்கிள்கள் நின்ற இடத்தில் தொடங்கிய தீ 15 பேரைப் பலிகொண்டது. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அவர்களது புதிய தரநிலை, பேட்டரியையும் கண்ட்ரோலரையும் வேக வரம்பையும் கடையில் மாற்ற முடியாதபடி வண்டியைக் கட்டச் சொல்கிறது. நம் திருத்தங்களில் நான் எதிர்பார்ப்பது இதையே.

ஏனென்றால் நம் ஊரில் ஆபத்து பெரும்பாலும் வாங்கிய பிறகு உள்ளே வருகிறது. வாரண்டி முடிந்ததும் பேட்டரி விலையைக் கேட்டு மலைத்து, பாதி விலையில் பேக் கட்டித் தருபவரிடம் போகிறார்கள். அங்கே மாற்றிய நொடியில் ஏஐஎஸ்-156 வண்டிக்கும் சான்று கிடையாது. சார்ஜர் தொலைந்து, அதே பின் பொருந்துகிறதென்று வேறொன்றைச் சொருகினாலும் அப்படித்தான். வோல்டேஜ் சற்றே கூடினாலும் செல்லுக்கு அது தினசரிச் சித்திரவதை.

வரிசைப்படுத்தச் சொன்னால், இந்தியாவில் வாங்குபவருக்கு முதலிடம் திருத்தம் 3-க்கு உட்பட்ட, பதிவான வண்டி. அடுத்து, பேட்டரிக்கு ஏஐஎஸ்-156 அறிக்கையோ முழு அமைப்புக்கு யுஎல் 2849 சான்றோ காட்டும் மின்சைக்கிள். விலக்குச் சான்று மட்டும் உள்ள லோ ஸ்பீடு வண்டி கடைசி. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறீர்கள் என்றால் ஆர்சியில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தையது என்றால், வெப்பப் பரவல் சோதனையில் தேறிய பேக்காக இல்லாமல் இருக்கலாம். அதைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.